பெயர் தெரியாத காய்ச்சலுக்கு ஒரு ஒத்திகை

‘நிப்பா’ என்றதும் நம்மில் பலருக்குக் கேரளாதான் ஞாபகம் வருகிறது. 2018-இல் கோழிக்கோட்டில் நடந்தது, அதை வைத்து அடுத்த வருடம் வந்த ‘வைரஸ்’ என்ற மலையாளப் படம், வாட்ஸ்அப்பில் சுற்றிய வௌவால் எச்சரிக்கைகள். ஒருமுறை என் வானொலி நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசியபோது வரிசையாக அழைப்புகள் வந்தன. அழைத்தவர்களில் ஒருவர்கூட, “இது நம்ம பேராக்கில் ஆரம்பிச்சதாச்சே” என்று சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து பேசியவரும் சொல்லவில்லை.

நம் ஊரில்தான் ஆரம்பித்தது. 1998 செப்டம்பர் கடைசியில், ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி, மயக்கம், சிலருக்கு வலிப்பு, பிறகு நினைவு தப்பியது. பிற்பாடு ஆய்வாளர்கள் தேடிப்போய் நின்ற இடம், தம்புன் பக்கம் மாமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பெரிய பண்ணை. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழ, பன்றிகள் அதைத் தின்ன, அங்கிருந்து மனிதர்களுக்கு வந்தது என்பதுதான் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். ஆனால் அன்றைக்கு அதற்கு வைத்த பெயர் வேறு. ஜே.இ., அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசுவால் பரவுவது.

எனக்கு அப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கும் வயது. தைப்பிங் பசாரில் பன்றி இறைச்சி வாங்க ஆளில்லாமல் கடைகள் காற்று வாங்கியது நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக நினைவிருப்பது எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி இருந்த லோரிக்கார மாமா. பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போவார். அவருக்கு ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்தார், கொசுவர்த்தி கொளுத்தினார். “ஊசியும் போட்டாச்சு, மருந்தும் அடிச்சாச்சு, இனி என்னம்மா பயம்?” என்று என் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் எப்போதும்போல் வெறுங்கையோடு தொழுவத்துக்குள் போய் மூட்டை இறக்கினார்.

மாமா இன்றைக்கும் நலமாக இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். அவரைப் போலவே ஊசி போட்டுக்கொண்டு, கொசுவுக்கு மட்டும் பயந்து, இருமுகிற பன்றியின் வாயையும் மூக்கையும் துடைத்துவிட்ட எத்தனையோ பேர் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் சீனர்கள், இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி நாடு முழுவதும் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கும் வந்து ஒருவர் இறந்தார்.

தப்பான பெயர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஜே.இ. என்றால் கொசுவிடமிருந்து தப்ப வேண்டும். நிப்பா என்றால் பன்றியிடமிருந்து தப்ப வேண்டும். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு மற்றதற்கு உதவாது. உதவாதது மட்டுமா, தைரியத்தையும் கொடுத்துவிடுகிறது. இதற்கிடையில் பேராக்கில் பயந்துபோனவர்கள் பன்றிகளை விற்க, அவை தெற்கே போக, நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில்தான் சாவு அதிகம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்று நம்மிடம் ஆய்வுக்கூடம் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஈப்போவிலேயே கால்நடை ஆய்வுக் கழகம் இருக்கிறது. பரிசோதனையும் நடந்தது, பதிலும் கிடைத்தது. ஆரம்பத்தில் சிலருடைய ரத்தத்தில் ஜே.இ.க்கான எதிர்ப்பணுக்கள் தென்பட்டன. ஜே.இ. நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிற நோய், அதனால் அப்படித் தென்பட்டதில் ஆச்சரியமும் இல்லை. ‘கிடைத்துவிட்டது’ என்ற நிம்மதி வந்ததும், பொருந்தாத விஷயங்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கின. ஜே.இ. பொதுவாகச் சிறுபிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் வேலை பார்த்த ஆண்கள். ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் ஒரு மைல் தூரம் கேட்கிற மாதிரி இருமிக்கொண்டிருந்தன, ஜே.இ. வந்த பன்றி அப்படி இருமாது. இவற்றைக் கவனித்துக் கேள்வி கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கேள்வி போய்ச் சேரத்தான் நாளானது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து ஒரு வைரஸை வளர்த்தெடுத்தார். ஜே.இ. பரிசோதனைக்கு அது மசியவில்லை. மாதிரியைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது கொசுவால் பரவும் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை, தட்டம்மை வைரஸின் உறவுக்காரக் கூட்டம் என்று தெரிந்தது. கிராமத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் ராணுவம் இறங்கிப் பன்றிகளை அழித்தது, சுமார் 10 லட்சம். மே மாதத்தில் நோய் அடங்கியது. முதல் காய்ச்சலுக்கும் சரியான பெயருக்கும் நடுவே ஐந்து மாதத்துக்கு மேல் போய்விட்டது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம், சில காலத்துக்கு முன்பு ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த ஒத்திகை. தொற்றுநோய் வந்தால் ஆய்வுக்கூடமும் ஆஸ்பத்திரியும் சுகாதார அலுவலகமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்று பார்ப்பதற்காக வைத்தது. எனக்கு அங்கே ஒரு வேலை கொடுத்தார்கள். போலி நிருபர். நடுநடுவே எழுந்து சங்கடமான கேள்வி கேட்க வேண்டும், கிடைத்த பதிலைச் செய்தியாக்கி வாசிக்க வேண்டும். சங்கடமான கேள்வி கேட்கச் சொல்லிச் சாப்பாடும் போடும் இடம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

இப்படிப்பட்ட ஒத்திகை பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். வட்ட மேசைகள், பெயர் அட்டைகள், கறிபாப்பு, தேநீர். நடத்துபவர் அவ்வப்போது ஒரு துண்டுத்தாளைக் கொடுப்பார். அதில் இரண்டு மூன்று வரி. ‘காலை 9 மணி, மாவட்ட ஆஸ்பத்திரியில் மூன்று பேர்.’ நிஜத்தில் ஒரு நாள் என்பது அங்கே அரை மணி நேரம். யார் யாருக்குப் போன் செய்வார்கள், எந்தப் பாரத்தை நிரப்புவார்கள், மாதிரி எந்த வண்டியில் போகும் என்று மேசையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். போன் பேசினால் ஆரம்பத்திலும் முடிவிலும் “ஒத்திகை, ஒத்திகை” என்று சொல்லியாக வேண்டும். வெளியே யார் காதிலாவது விழுந்து ஊரே கலவரமாகிவிடக் கூடாதல்லவா?

அன்றைய கற்பனைக் கதை இது. ஓர் ஆட்டுப்பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேருக்குக் கடும் காய்ச்சல், குழப்பமான பேச்சு. ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். அரை மணி நேரத்தில் அடுத்த துண்டுத்தாள் வந்தது. ஒருவருக்கு டிங்கி உறுதி, இருவருக்கு இல்லை.

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு கேட்டது, நிஜமாகவே. டிங்கிதானே, நமக்குப் பழகியது, செய்ய வேண்டியது எல்லாருக்கும் மனப்பாடம். நான் எழுந்து, “டிங்கி என்று செய்தி போடலாமா?” என்று கேட்டேன். போடலாம் என்றார்கள். வாசித்தேன். ‘ஆட்டுப்பண்ணைத் தொழிலாளர்களுக்கு டிங்கி. சுற்றுவட்டாரத்தில் கொசு மருந்து அடிக்கப்படும். பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்.’ ஒலிபெருக்கியில் கேட்கும்போது அது எவ்வளவு உறுதியாக இருந்தது தெரியுமா? எங்கள் தொழிலே அப்படி. தயக்கத்தோடு சொன்னதையும் தயங்காமல் வாசிக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி.

ஆய்வுக்கூட மேசையிலிருந்து ஓர் இளம் பெண் கையைத் தூக்கினார். “மூணு பேருக்கும் ஒரே அறிகுறி, ஒரே பண்ணை, ஒரே வாரம். டிங்கி ஒருத்தருக்குத்தான் பாஸிட்டிவ். மத்த ரெண்டு பேருக்கு என்ன?” என்று மலாயில் கேட்டார். மூத்த அதிகாரி ஒருவர், மழைக்காலம், டிங்கி சீசன், அந்த இரண்டு பேருக்கும் நாளைக்குத் திரும்பப் பார்க்கலாம் என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நடத்துபவர் ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரண்டு துண்டுத்தாள் கழித்து, கற்பனைக் கதையில் ஒரு தாதிக்குக் காய்ச்சல் வந்தது.

டிங்கி தாதிக்கு அப்படித் தொற்றாது. அந்தத் தாளைப் படித்த பிறகு மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். “ஏம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமா கேட்டிருக்கலாமே?” என்றேன். சிரித்தார்.

“அக்கா, எங்களுக்கு மெஷின் பிரச்சனை இல்ல. மெஷின் கேட்டதுக்குப் பதில் சொல்லும். டிங்கியான்னு கேட்டா, ஆமா இல்லன்னு சொல்லும். வேற என்னன்னு அது தானா சொல்லாது. அதை மனுஷன்தான் கேக்கணும். நீங்க வேற ரேடியோவுல டிங்கின்னு படிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எந்திரிச்சு இல்லன்னு சொன்னா, என்னை யாருன்னு பாப்பாங்க?”

அவர் சொன்னதில் பாதி வேடிக்கை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடங்களைச் சோதிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. உண்மையாகவே ஒரு பெட்டியை அனுப்பிப் பார்ப்பார்கள். குழாய்க்கு மேல் உறிஞ்சும் பஞ்சு, அதற்கு மேல் கசியாத டப்பா, அதற்கு மேல் வெளிப்பெட்டி என்று மூன்று அடுக்குக் கட்டு. குளிர் குறையாமல், கிரிக்கிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பினால் அந்தப் பெட்டியை எங்கே, யார், எத்தனை மணிக்கு வாங்குவார்கள்? பட்டியலில் இருக்கும் போன் நம்பரை எடுப்பவர் ஓய்வு பெற்றுவிட்டாரா? ரசாயனத்தின் காலாவதித் தேதி என்ன? பெட்டி நகர்ந்தால்தான் இதெல்லாம் தெரியும். இன்னொன்று, எண் மட்டும் எழுதிய குழாய்களை அனுப்பி, எதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதச் சொல்வது. உலக சுகாதார நிறுவனம் சளிக்காய்ச்சல் ஆய்வுக்கூடங்களுக்குப் பல வருடங்களாக இப்படிச் செய்கிறது. மலேசியாவும் அடங்கிய மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் ‘கிரிஸ்டல்’ என்ற பெயரில் வருடாந்தர ஒத்திகையும் உண்டு, நாடுகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுப்பது சரியாக நடக்கிறதா என்று பார்க்க.

எல்லாம் தேவைதான். ஆனால் என் கட்சி இது: விடை ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற ஒத்திகை பாதி ஒத்திகை. கேள்வித்தாளில் ஒரு பொறி இருக்க வேண்டும். அதுவும் 1998-இல் நமக்கு விழுந்த மாதிரி, கொஞ்சம் சரியான, முழுக்கத் தப்பான பதில் ஒன்று. அதில் விழுகிறார்களா, விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஈப்போவில் அந்தக் கதையை எழுதியவர் யாரோ தெரியாது, நல்ல மனிதர்.

பெயர் தெரியாத நோயை வைத்து ஒத்திகை பார்த்ததால் பலன் கிடைத்த நாடு ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 17-ஆம் தேதி தென்கொரிய நோய்த்தடுப்பு அதிகாரிகள் ஒரு மேசை ஒத்திகை நடத்தினார்கள். கற்பனைக் கதை: சீனாவுக்குப் போய் வந்த ஒரு கொரியக் குடும்பத்துக்கு இனம் தெரியாத நிமோனியா. கிருமியைத் தெரியாத நிலையில் எந்த வரிசையில் தேடுவது, பரிசோதனையை எப்படி உருவாக்குவது என்று அன்றே பேசி வைத்தார்கள். கோவிட் என்ற சொல் அப்போது பிறக்கவே இல்லை. ஜனவரி 27-ஆம் தேதி, நாட்டில் நான்கு நோயாளிகள் மட்டும் இருந்தபோதே, பரிசோதனைக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களை சியோல் ரயில் நிலையத்துக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். பிப்ரவரி 4-ஆம் தேதி முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது.

அதே பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம், உலகமே அண்ணாந்து பார்க்கும் நிறுவனம், தயாரித்து அனுப்பிய கருவியில் கோளாறு. பல மாநில ஆய்வுக்கூடங்கள் வாரக்கணக்கில் கைகட்டி நின்றன. பிரிட்டன் 2016-லேயே ‘சிக்னஸ்’ என்று பெரிய ஒத்திகை நடத்தியது. சளிக்காய்ச்சல் கொள்ளைநோய் வந்தால் தாங்காது என்று அதில் தெரிந்தும்விட்டது. அந்த அறிக்கையை மக்கள் படிக்க முடிந்தது 2020-இல்தான். ஒத்திகை நடத்துவது ஒரு வேலை, அதில் தெரிந்ததை யார் எந்தத் தேதிக்குள் சரி செய்வார் என்று எழுதி வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குக் கறிபாப்பு கிடையாது, அதனால்தானோ என்னவோ, ஆளும் கிடைப்பதில்லை.

கேரளாவுக்கே வருகிறேன். 2001-இல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே ஒரு காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். அது நிப்பா என்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தில் ஒருவர் இறந்து, அடுத்து அவருடைய சகோதரர் அதே மாதிரி படுத்ததைப் பார்த்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. மாதிரி மணிப்பாலுக்குப் போனது. அங்கே இருந்த ஆய்வுக்கூடம் இனம் தெரியாத காய்ச்சல்களைத் தேடிப் பழகியது. புனேயும் உறுதி செய்தது. இரண்டாவது நோயாளியிலேயே, சில நாட்களுக்குள் பெயர் தெரிந்துவிட்டது. அப்படியும் முதல் நோயாளியைக் கவனித்த தாதி லினி உட்பட 17 பேர் இறந்தார்கள். சில நாட்களுக்கே அது. ஐந்து மாதமாகியிருந்தால் என்று யோசிக்கவே மனம் ஒப்பவில்லை.

அந்த லோரிக்கார மாமாவிடம் போன தீபாவளிக்கு இதைச் சொன்னேன். அவருக்கு அது கொசுவால் வந்ததில்லை என்பது பின்னால் பேப்பரில் படித்துத் தெரியும். “எங்க முதலாளி அப்பவே சொன்னாரு, பன்னி இப்படி இருமி நான் பாத்ததே இல்லைன்னு. அவரு சொல்றதை யாரு எழுதுவா?” என்றார். பண்ணைக்காரர் கால்நடை டாக்டரிடம் சொல்வது, அவர் மனித டாக்டரிடம் சொல்வது, இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவது, இதற்கும் ஒத்திகை வேண்டும். ஈப்போவில் அன்று கால்நடைத் துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆட்டுப்பண்ணைக் கதையில் ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று மதியம்வரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டபோது, அவர் கையில் காலையிலேயே ஒரு துண்டுத்தாள் இருந்தது. ‘ஆறு ஆடுகள் செத்துவிட்டன.’

மாலையில் ஒரு மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து நடந்ததை அலசினார்கள். குறைகளை வெண்பலகையில் எழுதினார்கள். அந்த மூத்த அதிகாரியே எழுந்து, பரிசோதனைப் பாரத்தில் ஒவ்வொரு நோய்க்கும் கட்டம் இருக்கிறது, ‘எதுவும் பொருந்தவில்லை’ என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை, அதைச் சேர்க்க வேண்டும் என்றார். நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டார்கள். போலி நிருபரின் கருத்தையும் கேட்டார்கள். ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற வாக்கியத்தை அதிகாரிகள் எங்களுக்கு எழுத்தில் கொடுத்தால் அப்படியே வாசிக்கத் தயார், அதை வாசித்து யாரும் வேலையை இழந்ததில்லை என்றேன்.

சுங்கை சிப்புட் தங்கையோடு இன்னும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறேன். போன மாதம் அந்தக் கட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாரத்தைப் படம் பிடித்து அனுப்பினார். கடைசி வரியில், கையால் கோடு போட்டு, அவருடைய ஆய்வுக்கூடத்தில் மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அச்சில் வர இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லையாம்.